தேய்ந்த காசும் பேசும்!

முகம் அழிந்த ரோமாபுரி நாணயங்களை அடையாளம் காண்பது எப்படி?

தேய்ந்த காசை நீட்டினால் பஸ் கண்டக்டர் முறைக்கிறார். "வேறு காசு கொடுங்க" என்கிறார். காய்கறிக் கடைக்காரர் திருப்பித் தருகிறார். கடைசியில் அந்தக் காசு எங்கே போகிறது? கோவில் உண்டியலுக்கு!

முகம் அழிந்த காசுக்கு இவ்வளவுதான் மரியாதை. ஆனால் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு தேய்ந்துபோன செப்புக் காசு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நீ எந்த ஊர்? எந்த ராஜா காலம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காசு பதில் சொல்கிறது.

அப்படிக் கேட்கும் வித்தைக்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மேஜை விளக்கு, கொஞ்சம் பொறுமை. இவை இருந்தால் போதும்.

அது எப்படி என்று பார்ப்போம்.

ஊருக்கு ஊர் காசு

ரோமாபுரி சாம்ராஜ்யம் பெரியது. ஸ்பெயின் முதல் சிரியா வரை, ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் பரவி இருந்தது. தங்கக் காசையும் பெரும்பாலான வெள்ளிக் காசையும் சக்கரவர்த்தியின் அரசாங்கமே அடித்தது. ஆனால் சந்தையில் புழங்கும் சில்லறை?

அதைப் பல மாகாணங்களில் அந்தந்த ஊரே அடித்துக்கொண்டது. ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் முகம். மறு பக்கம் ஊரின் பெயர், ஊர்த் தெய்வம், கோவில், மலை, ஆறு என்று ஊர்ப் பெருமை. இவற்றைத்தான் ரோமானிய மாகாண நாணயங்கள் என்கிறார்கள்.

ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44-ம் ஆண்டிலிருந்து இந்த நாணயங்களைக் கணக்கிடுவது வழக்கம். கி.பி. 297 வாக்கில், டயக்ளீஷியன் சக்கரவர்த்தி காலத்தில், எகிப்தின் அலெக்சாண்டிரியா தன் ஊர்க் காசை அடிப்பதை நிறுத்தியதோடு இவை முடிந்தன. இடைப்பட்ட காலத்தில் 500-க்கும் மேற்பட்ட ஊர்கள் காசு அடித்தன.

நாம் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள். எங்கே இருந்தாலும் "எந்த ஊர்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் காலத்துச் செப்புக் காசும் அதே கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்கிறது.

ஏன் இப்படித் தேய்ந்தன?

தங்கக் காசு பெட்டியில் தூங்கியது. செப்புக் காசு தூங்கவில்லை. ரொட்டி வாங்கியது, எண்ணெய் வாங்கியது, குளிக்கும் கூடத்துக்குக் கட்டணம் கொடுத்தது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஓடிக்கொண்டே இருந்தது. புதிய சில்லறை எப்போதும் போதிய அளவு வரவில்லை. ஆகவே பழைய காசே பல ஆண்டுகள் உழைத்தது.

அந்தக் காலத்திலேயே தேய்ந்த காசு ஒரு தலைவலிதான். அதற்கு ஒரு வழி கண்டார்கள். முகம் அழிந்த காசின்மேல் ஒரு சிறு முத்திரையைக் குத்தி, "இது செல்லும்" என்று காட்டினார்கள்.

கி.பி. 70-ல் ஜெருசலேம் நகரம் ரோமானியரிடம் வீழ்ந்தது. அங்கே காவலுக்கு நிறுத்தப்பட்ட பத்தாவது ராணுவப் படை, மழமழவென்று தேய்ந்துபோன காசுகளில் தன் முத்திரையைக் குத்தியது. படையின் எண், காட்டுப்பன்றி, கப்பல் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்தக் காசுகளில் பலவற்றில் பழைய முகம் அடியோடு போய்விட்டது. முத்திரை மட்டும் பளிச்சென்று நிற்கிறது!

ஆகவே காசில் ஒரு சிறு சதுரமோ வட்டமோ குழிந்து, அதற்குள் ஏதாவது உருவம் தெரிந்தால் அதைச் சிதைவு என்று ஒதுக்காதீர்கள். அதுவே துப்பாக இருக்கலாம்.

புளி போட்டுத் தேய்க்காதே!

பழைய காசு கிடைத்ததும் நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? பித்தளைக் குத்துவிளக்கை விளக்குவதுபோல் புளி போட்டுத் தேய்ப்பது! சிலர் எலுமிச்சம்பழம். சிலர் மணல். இன்னும் சிலர் ஆசிட்!

இதைவிடப் பெரிய கெடுதல் வேறு இல்லை.

செம்பின்மேல் பல நூறு ஆண்டுகளாகப் படிந்த கெட்டியான பச்சை அல்லது பழுப்புப் படலம் அழுக்கு அல்ல. அது காசின் தோல். தேய்ந்த காசில் மிச்சம் இருக்கும் எழுத்தும் உருவமும் பல சமயம் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. படலத்தை உரித்தால் எழுத்தும் கூடவே போய்விடும். காசு பளபளக்கும். ஆனால் ஊமையாகிவிடும்.

வெளிறிய பச்சை நிறத்தில் மாவுபோல் உதிரும் களிம்பு வேறு. அது காசை அரிக்கும் நோய். அப்படி இருந்தால் காசை ஈரம் படாமல் தனியே வைத்து, விவரம் தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். வீட்டு வைத்தியம் கூடாது.

முதலில் எடை, அளவு

காசைப் படிப்பதற்கு முன்பு அளக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் அகலம்? எத்தனை கிராம் எடை? செம்பா, பித்தளையா, வெள்ளி கலந்ததா? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு காசின் நடுவைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்குச் சிறு குழி இருக்கிறதா? கிழக்கு மாகாணங்களின் செப்புக் காசுகள் பலவற்றில் இரு பக்கமும் இந்தக் குழி உண்டு. அச்சு அடிப்பதற்கு முன்பு தகட்டைத் தயார் செய்தபோது ஏற்பட்டது என்கிறார்கள். ரோமாபுரி நகரத்துச் சாலையில் அடித்த காசுகளில் இது வழக்கம் இல்லை. ஆகவே குழி தெரிந்தால், கிழக்கே போய்த் தேடலாம்.

அடுத்து, பூப்பக்கம் தலைப்பக்கத்துக்கு நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சாலைக்கும் ஒரு வழக்கம் உண்டு.

சாய்ந்த வெளிச்சம்

காசை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வையுங்கள். பிறகு காசை மெள்ள மெள்ளச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் மூக்கு தெரியும். இன்னொரு கோணத்தில் ஓர் எழுத்து எழுந்து நிற்கும். நிழல்தான் இங்கே நமக்கு உதவி.

சிறு வயதில் காசின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடி இருப்போம். கெட்டியாக உள்ள காசுக்கு அந்த விளையாட்டும் உதவும். கண்ணுக்குத் தெரியாத மேடு, காகிதத்தில் கறுப்பாக விழும்.

காசில் முதலில் தேய்வது மேடான பகுதி. முகத்தில் கன்னமும், காதுக்கு மேல் உள்ள முடியும் முதலில் போகும். ஆனால் உருவத்தின் வெளிக்கோடு கடைசி வரை நிற்கும். அதனால் உள்ளே தேடாமல் ஓரத்தைப் பாருங்கள்.

எழுத்து என்ன மொழி?

ஓரத்தில் நாலு எழுத்து கிடைத்தாலும் லாபம். அது கிரேக்க எழுத்தா, லத்தீன் எழுத்தா என்பதே முதல் கேள்வி.

கிழக்கு மாகாணங்களில் பெரும்பாலும் கிரேக்கம். லத்தீன் என்றால், ஸ்பெயின், பிரான்ஸ் போன்ற மேற்கு நாடாக இருக்கலாம். அல்லது கிழக்கே ரோமானியர் குடியேறிய காலனியாக இருக்கலாம். லெபனானின் பெய்ரூட்டும், கிரீஸ் நாட்டின் கொரிந்தும் அப்படிப்பட்ட காலனிகள். மேற்கு நாட்டு ஊர்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலேயே காசு அடிப்பதை நிறுத்திவிட்டன. ஆகவே மேற்கு என்று தெரிந்தாலே காலமும் பாதி தெரிந்துவிடும்.

கிரேக்க எழுத்து நம்மை ஏமாற்றும். ஆங்கில 'பி' போல் இருப்பதன் ஒலி 'ர'. ஆங்கில 'சி' போல் பிறை வடிவில் இருப்பதன் ஒலி 'ஸ'. இதை மறந்தால் ஊர்ப் பெயர் தாறுமாறாகிவிடும்.

ஒரு சுலபமான அடையாளம் உண்டு. ஊர்ப் பெயர் பெரும்பாலும் "இன்ன ஊர்க்காரர்களுடைய" என்ற பொருளில் 'ஓன்' என்று முடியும். எபேசு நகரத்துக் காசில் "எபேசியோன்" என்று இருக்கும். 'எபேசு மக்களுடையது' என்று அர்த்தம். லாடம் போலவோ, ஆங்கில 'டபிள்யூ' போலவோ ஓர் எழுத்து. அதை அடுத்து 'என்' போல் ஓர் எழுத்து. இந்த ஜோடி தெரிந்தால், அதற்கு முன்னால் இருப்பது ஊர்ப் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம்.

தாடி சொல்லும் காலம்

முகம் மொட்டையாகத் தேய்ந்திருந்தாலும் தாடை மிச்சம் இருக்கும். தாடி இருக்கிறதா என்று பாருங்கள்.

கி.பி. 117-ல் பட்டத்துக்கு வந்த ஹேட்ரியனுக்கு முன்பு, சக்கரவர்த்திகள் பெரும்பாலும் மழித்த முகத்துடன்தான் காட்சி தந்தார்கள். ஹேட்ரியன் முழுத் தாடி வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் தாடி வழக்கமாகிவிட்டது. பிற்காலத்தில் தாடி இல்லாத முகம் என்றால், பல சமயம் சிறு வயதில் பட்டம் ஏறிய பையன். மூன்றாம் கார்டியன் 13 வயதில், கி.பி. 238-ல் சக்கரவர்த்தி ஆனார்!

ராணி என்றால் கொண்டையைப் பாருங்கள். கொண்டை உச்சியிலா, பிடரியிலா? அலை அலையாக வாரி இருக்கிறதா? ராணிக்கு ராணி கொண்டை மாறியது.

பூப்பக்கத்தில் முதலை!

முகத்தைவிடப் பூப்பக்கம் அதிகம் பேசும். உருவத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிடக்கூடிய காசுகள் சில உண்டு.

பனை போன்ற மரத்தில் சங்கிலியால் கட்டிய முதலை தெரிகிறதா? அது தென் பிரான்சில் உள்ள நீம் நகரம். அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்தது. கி.மு. 30-ல் எகிப்தை வென்றதன் அடையாளம் அந்த முதலை. மறு பக்கம், அகஸ்டசும் அவருடைய தளபதி அக்ரிப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டி இருப்பார்கள். சில்லறைத் தட்டுப்பாட்டில் இந்தக் காசைப் பாதியாக வெட்டியும் செலவு செய்தார்கள். அரை முதலை கிடைத்தாலும் ஊர் தெரிந்துவிடும்! நீம் நகரத்தின் சின்னத்தில் இன்றைக்கும் முதலையும் மரமும் இருக்கின்றன.

கூம்பு போன்ற ஒரு மலை மட்டும் தெரிகிறதா? துருக்கியில் இன்று கைசேரி என்று வழங்கும் செசரியாவாக இருக்கலாம். 3,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் எர்சியஸ் எரிமலைதான் அது. அந்த ஊருக்கு மலையே தெய்வம்.

இலை மாலைக்கு நடுவே 'எஸ்', 'சி' என்று இரண்டே பெரிய எழுத்துகளா? அந்தியோக்கியா நகரமாக இருக்க வாய்ப்பு அதிகம். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் இடிந்து தரைமட்டமான துருக்கியின் அந்தாக்கியாதான் அந்தப் பழைய நகரம்.

ஆண்டு எண் அகப்பட்டால் அதிர்ஷ்டம்

அலெக்சாண்டிரியா காசுகளில் ஆண்டு போட்டிருக்கும். ஆங்கில 'எல்' போன்ற குறி "ஆண்டு" என்பதைக் காட்டும். அதை அடுத்து வரும் கிரேக்க எழுத்துதான் எண். நாம் க, உ, ங என்று எழுத்தை எண்ணாக எழுதியதுபோல் அவர்களுக்கும் முதல் எழுத்து 1, இரண்டாம் எழுத்து 2.

அந்த எண், சக்கரவர்த்தி பட்டம் ஏறிய கணக்கு. எகிப்தில் புத்தாண்டு ஆகஸ்டு 29. ஆகஸ்டு 11-ல் பட்டம் ஏறிய ஹேட்ரியனுக்கு, முதல் ஆண்டு மூன்று வாரம் கூட இல்லை!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த சக்கரவர்த்திகள் பலர் ஓரிரண்டு ஆண்டுகளில் மாண்டு போனார்கள். அந்தக் காலத்துக்கே உரிய தடித்த, சிறிய காசில் 15-ம் ஆண்டு என்று தெரிந்தால், முகம் தேவையே இல்லை. அந்த நாளில் அங்கே 15-ம் ஆண்டுக் காசு கண்டது கேலியேனஸ் ஆட்சி மட்டும்தான். கி.பி. 253 முதல் கணக்கிட்டால், அந்தக் காசு 267 அல்லது 268-ல் அடித்தது.

ஓர் உதாரணம்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

ஒரு செப்புக் காசு. அகலம் 29 மில்லிமீட்டர். எடை 16 கிராம். தலைப்பக்கம் வெறும் மேடு. பூப்பக்கம் நடுவில் ஓர் ஆள் நிற்பதுபோல் நிழல். இரு பக்கமும் இரண்டு மேடுகள். ஓரத்தில் 'வி', 'ஐ', 'எம்' என்று மூன்று லத்தீன் எழுத்துகள். அடியில் 'ஏ', 'என்'. அதை அடுத்து மூன்று கோடுகள்.

சாய்ந்த வெளிச்சத்தில் சுழற்றினால், இடது மேட்டில் கொம்பு தெரிகிறது. அது காளை. வலது மேட்டில் பிடரி. அது சிங்கம்.

பெண் உருவம், ஒரு புறம் காளை, மறு புறம் சிங்கம். இது விமினேசியம் நகரம். இன்றைய செர்பியா நாட்டில் கோஸ்டோலட்ஸ் ஊருக்கு அருகில் இருந்தது. காளையும் சிங்கமும் அந்த மாகாணத்தில் இருந்த இரண்டு ராணுவப் படைகளின் சின்னங்கள்.

'ஏ', 'என்' என்பது ஆண்டு. மூன்று கோடு என்றால் கடிகாரத்தில் நாம் பார்க்கும் அதே ரோமன் எண் 3. இந்த ஊர் கி.பி. 239-லிருந்து ஆண்டு கணக்கிட்டது. ஆகவே இது 241 அல்லது 242. அப்போது சக்கரவர்த்தி யார்? 13 வயதில் பட்டம் ஏறிய அதே கார்டியன்!

முகமே இல்லாத காசு, ராஜாவின் பெயரையும் வருடத்தையும் சொல்லிவிட்டது.

ஆனால் எச்சரிக்கை! காளைக்குப் பதில் கழுகு இருந்தால், அது இன்றைய ருமேனியாவில் இருந்த டேசியா மாகாணம். அங்கே ஆண்டுக் கணக்கு 246-ல் தொடங்குகிறது. ஒரு கொம்பை இறக்கை என்று எண்ணினால் நாடே மாறிவிடும்!

ஒப்பிட்டுப் பார்க்க

இவ்வளவும் ஊகம்தான். உறுதி செய்ய, அச்சுப் பிழைக்காத நல்ல காசோடு ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் மியூசியம் 1873 முதல் 1927 வரை வெளியிட்ட கிரேக்க நாணயப் பட்டியல்கள் முன்பு துணை புரிந்தன. மாகாண நாணயங்களுக்கென்றே தனியான பெரும் பட்டியல் வரிசையின் முதல் தொகுதி 1992-ல் வந்தது. இப்போது அந்த வரிசையைக் கம்ப்யூட்டரில் இலவசமாகவே பார்க்கலாம். செலவு இல்லை.

மிச்சம் இருக்கும் ஓர் எழுத்து, மூக்குக்கு நேராக இருக்கிறதா, பிடரிக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல காசிலும் அதே எழுத்து அதே இடத்தில் இருந்தால் ஊகம் பலப்படும். இரண்டு மூன்று அடையாளங்கள் பொருந்தினால்தான் முடிவு.

பொருந்தாவிட்டால்? "ஆசியா மைனர், இரண்டாம் நூற்றாண்டு" என்று மட்டும் எழுதி வைப்பதில் வெட்கம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதுதான் தப்பு.

ஏமாற வேண்டாம்

நம் நாட்டிலும் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. பெங்களூரில் தினமும் ரெயில் ஏறும் நம்மவர்களுக்குத் தெரிந்த யஷ்வந்தபுரத்தில், 1891-ல் ரெயில் பாதை வேலையின்போது 163 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. புதுக்கோட்டைச் சீமையில் 1898-ல் 501 தங்கக் காசுகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் முகத்தில் வெட்டுக் குறி இருந்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் சிறு செப்புக் காசுகள் அகப்பட்டன.

ஆனால் இவை எல்லாம் பெரும்பாலும் சக்கரவர்த்தியின் அரசாங்கக் காசுகள். கப்பல் ஏறி வியாபாரத்துக்கு வந்தவை. ஊர்ச் சில்லறை அந்தந்த ஊரைச் சுற்றியே புழங்கியது. இந்தியாவில் அது கிடைப்பது அபூர்வம்.

ஆகவே நடைபாதையில் ஒருவர் துணியை விரித்து, "ரோமாபுரி காசு, நிலத்தில் தோண்டி எடுத்தது" என்று தேய்ந்த செம்பை நீட்டினால் சம்பளப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். விளிம்பைப் பாருங்கள். வார்ப்பில் செய்த போலிக் காசில், சுற்றிலும் ஒட்டு வைத்த கோடு தெரியலாம். முகத்தில் ஊசி முனை போன்ற காற்றுக் குழிகள் இருக்கலாம். உண்மையான தேய்மானத்தில் மேடு மட்டும் தேயும். போலியில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல் மழுங்கி இருக்கும்.

சட்டமும் இருக்கிறது. நிலத்தில் புதையல் கிடைத்து, அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு, 1972-ம் ஆண்டுச் சட்டப்படி புராதனப் பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

உழைத்த காசு

மின்னும் தங்கக் காசை யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். அது பெட்டியில் கிடந்த காசு. தேய்ந்த செப்புக் காசு அப்படி அல்ல. அதைத் தொட்டவர்கள் ராஜாக்கள் அல்ல. மூட்டை சுமந்தவர், ரொட்டி சுட்டவர், கணக்கு எழுதியவர், ஊரை விட்டு வந்து காவல் நின்ற சிப்பாய். அவர்களுடைய விரல்கள்தான் சக்கரவர்த்தியின் முகத்தைத் தேய்த்தன.

ராஜாவின் முகம் போய்விட்டது. ஓரத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இரண்டு எழுத்தாவது நிற்கிறது.

அடுத்த முறை தேய்ந்த காசு ஒன்று கைக்கு வந்தால், உண்டியலில் போடுவதற்கு முன்பு விளக்கைச் சற்றே சாய்த்து ஒருமுறை பாருங்கள்.